எண்ணெய்த் தோணியும் பத்தியக் கஞ்சியும்: பஞ்சகர்ம சிகிச்சை குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஐந்து வழிகளில் உடலைச் சுத்தி செய்யும் ஆயுர்வேத முறையான பஞ்சகர்ம சிகிச்சையைப் பற்றியவை. ஆடி பிறக்கப் போவதால் கேரளத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் அதிகம் எழுதியிருக்கிறார்கள். வயது, இப்போது உட்கொள்ளும் மருந்துகள், பசியும் மலமும் எப்படி என்ற மூன்றையும் எழுதாமல் 'எனக்கு என்ன சிகிச்சை நல்லது' என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் எழுத முடியவில்லை. அப்படி வந்தவற்றில் ஒரே ஒரு கடிதத்தை மட்டும், பலருக்கும் உதவும் என்பதால் எடுத்துக்கொண்டேன்.

கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் செய்துகொண்டால்தான் முழுப் பலன் என்கிறார்களே, உண்மையா? (திருச்சி வாசகர்)

கர்க்கடகம் என்பது நம்முடைய ஆடியேதான். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். அந்த மாதத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது, பசி மந்தப்படுகிறது, வாதம் பெருகுகிறது, வயலில் வேலையும் குறைவு என்பதால் ஒரு குடும்பத்தில் ஒருவர் இரண்டு வாரம் படுத்து ஓய்வெடுக்க முடிந்தது. மழைக்காலத்தில் வஸ்தி (ஆசனவாய் வழியே மருந்து செலுத்துதல்), மழை ஓய்ந்த சரத் காலத்தில் விரேசனம் (பேதி), வசந்தத்தில் வமனம் (வாந்தி) என்று நூல்கள் காலம் வகுத்திருப்பது நோயில்லாதவர் பருவந்தோறும் செய்துகொள்ளும் சுத்திக்காக. நோயாளிக்கு நோயின் நிலையும் உடலின் வலுவுமே காலத்தைத் தீர்மானிக்கும். பக்கவாதம் வந்தவரை ஆடி வரை காத்திருக்கச் சொல்லும் வைத்தியர் எவரும் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். தென்காசியிலும் நாகர்கோவிலிலும் ஆடியில் சாரல் உண்டு. திருச்சியில் அதே மாதத்தில் அனல் காற்று அடிக்கிறது, நமக்கு மழை ஐப்பசியில்தான் வருகிறது. கேரளத்தில் போய்த் தங்கி எடுத்துக்கொள்வதானால் கர்க்கடகம் பொருத்தம். உங்கள் தெருவில் உள்ள நிலையம் அறிவிக்கும் ஆடிச் சலுகைக்கும் சாஸ்திரத்துக்கும் தொடர்பில்லை.

சிரோதாரை எடுத்தால் வழுக்கையில் முடி முளைக்குமா? (ஈரோடு வாசகர்)

முளைக்காது. நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஒழுகவிடும் இந்தச் சிகிச்சையைத் தூக்கமின்மைக்கும் மனப்பதற்றத்துக்கும் சில வகைத் தலைவலிக்கும் செய்கிறோம்.

மூட்டுவலிக்கு நல்ல தைலம் ஒன்று சொல்லுங்கள். (பெயர், ஊர், வயது எதுவும் இல்லை)

எந்த மூட்டு, எத்தனை நாளாக, வீக்கம் உண்டா, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒன்றையும் சொல்லாமல் தைலத்தின் பெயரை மட்டும் கேட்டால் என்ன சொல்வது? தேய்மானத்தால் வரும் பழைய முழங்கால் வலிக்குத் தன்வந்தரம் தைலம் இளஞ்சூடாகத் தேய்த்தால் இதம் கிடைக்கும். எரிச்சலும் சிவப்பும் இருந்தால் பிண்டத் தைலம். மூட்டு வீங்கிக் கனத்து, பசியும் இல்லாமல், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் அது ஆமவாதமாக (செரிமானக் கோளாறோடு வரும் மூட்டு வீக்க நோய்) இருக்கலாம். அந்த நிலையில் எண்ணெய் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டும், மணல் கிழி அல்லது பொடிக்கிழி போன்ற உலர்ந்த ஒத்தடமே முதலில் செய்ய வேண்டும். அஜீரணம் உள்ளவர், கபம் மிகுந்தவர், அப்போதுதான் சோதன சிகிச்சை (உடலைச் சுத்தி செய்யும் சிகிச்சை) முடித்தவர் ஆகிய மூவருக்கும் எண்ணெய் கூடாது என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதை யாரிடமும் அமுக்கிவிடக் கொடுக்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே மற்றவை.

ஒரு கடற்கரை விடுதியில் மூன்று நாள் 'பஞ்சகர்மா டீடாக்ஸ் பேக்கேஜ்' எடுத்தேன். இரண்டரைக் கிலோ குறைந்தது. ஒரே வாரத்தில் திரும்பிவிட்டது. மறுபடியும் எடுக்கலாமா? (மதுரை வாசகர்)

விடுதி தந்த அட்டவணையைக் கடிதத்துடன் இணைத்திருந்தீர்கள், நல்லது. முதல் நாள் உழிச்சிலும் (எண்ணெய் தேய்த்து உருவிவிடுதல்) நீராவிப் பெட்டியும். இரண்டாம் நாள் தாரையும் முகப்பூச்சும். மூன்றாம் நாள் காலையில் பேதி மருந்து, மாலையில் நடன நிகழ்ச்சியுடன் விருந்து. வமனம், விரேசனம், வஸ்தி, நஸ்யம் (மூக்கில் மருந்து விடுதல்), ரத்தமோட்சணம் (ரத்தம் வெளியேற்றுதல்) என்ற பஞ்சகர்மங்கள் ஐந்தில் இதில் இருப்பது ஒன்று. அந்த ஒன்றும் செய்யக் கூடாத முறையில் செய்யப்பட்டிருக்கிறது. குறைந்த இரண்டரைக் கிலோ பேதியில் போன தண்ணீர். அது திரும்பி வராமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முறையான விரேசனம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் பசி சீராகும்வரை, பசியைத் தூண்டிச் செரிக்க வைக்கும் தீபன பாசன மருந்துகள். அதன்பின் சினேகபானம்: விடியற்காலை வெறும் வயிற்றில் மருந்து நெய், முதல் நாள் ஏறக்குறைய 30 மில்லி, பிறகு செரிக்கும் திறனைப் பார்த்து நாள்தோறும் கூட்டிக்கொண்டே போவோம். நெய் குடித்தவர் வெந்நீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருகிக்கொண்டு, பகலில் தூங்காமல், நல்ல பசி எடுக்கும்வரை காத்திருந்து கஞ்சி குடிக்க வேண்டும். மலம் எண்ணெய்ப் பசையுடன் போவது, தோல் மிருதுவாவது, நெய்யைப் பார்த்தாலே வெறுப்பு வருவது போன்ற அடையாளங்கள் சிலருக்கு மூன்றாம் நாளே தெரியும், சிலருக்கு ஏழாம் நாள்வரை ஆகும். பிறகு இரண்டு மூன்று நாள் எண்ணெய் தேய்த்து வியர்வைச் சிகிச்சை. அதன்பிறகே ஒரு நாள் காலையில் பேதிக்கான சிவதை லேகியமோ அதுபோன்ற வேறொன்றோ கொடுத்து, எத்தனை முறை போகிறது, கடைசியில் கபம் வருகிறதா, நாடியும் ரத்த அழுத்தமும் எப்படி என்று பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்வோம்.

அத்துடன் முடிந்துவிடவில்லை. பேதியான வயிற்றில் அக்னி, அதாவது செரிக்கும் சக்தி, சிறு பொறியாகத்தான் இருக்கும். அன்று கஞ்சித் தெளிவு, அடுத்து குழைந்த கஞ்சி, அதன்பின் உப்பும் நெய்யும் சேராத பயற்றங்கஞ்சி, பிறகு தாளித்தது என்று மூன்று முதல் ஏழு நாளில் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவதற்குத்தான் சம்சர்ஜன கிரமம் என்று பெயர். கூட்டிப் பாருங்கள்: எவ்வளவு சுருக்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம். உங்கள் விடுதி நெய் கொடுக்கவில்லை, கஞ்சியும் கொடுக்கவில்லை. பேதியான அன்று மாலையே பரோட்டாவும் மீனும் பரிமாறியிருக்கிறது.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய இடம் ஒன்றில் பேதி மருந்து வாங்கிக் குடித்த ஒருவரைத் தலைசுற்றலும் தசைப்பிடிப்புமாக என்னிடம் அழைத்து வந்தார்கள். அவர் சிறுநீரை அதிகம் போக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். அதை அங்கே யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய மருத்துவரும் அங்கே இல்லை. வரவேற்பறையில் இருந்த பெண் பட்டியலைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார், இவரும் உணவகத்தில் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறார். வெறும் உழிச்சிலை உழிச்சில் என்றே சொல்லி விற்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அலுப்புத் தீரும், தூக்கம் வரும், அதற்கு மேல் வாக்குத் தர வேண்டியதில்லை. சோதன சிகிச்சையின் பெயரை அதற்கு வைப்பதால், நாளைக்கு ஒரு நோயாளிக்கு நாங்கள் பதினான்கு நாள் என்று சொன்னால் 'அங்கே மூன்றே நாளில் முடித்தார்களே' என்று பேரம் பேசுகிறார். கேரளத்தின் பரம்பரை ஆயுர்வேதக் குடும்பங்களான அஷ்டவைத்தியர் இல்லங்களிலும், 1902இல் பி. எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலையிலும் வளர்ந்த மரபு இது. ஐந்தரை ஆண்டு படித்த ஆயுர்வேத மருத்துவர் நேரில் பார்த்து, நாக்கையும் நாடியையும் வயிற்றையும் சோதித்து, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை எழுதிக்கொள்ளாத இடத்தில் பேதி மருந்தோ வஸ்தியோ வாங்காதீர்கள். மறுபடியும் எடுக்கலாமா என்றால், அங்கே வேண்டாம்.

நீரிழிவுக்கு இன்சுலினும் இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் எடுக்கிறேன். சிகிச்சை நாட்களில் அவற்றை நிறுத்திவிடலாம் என்று உறவினர் சொல்கிறார். (சேலம் வாசகர்)

உறவினரின் பேச்சைக் கேட்காதீர்கள். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சினேகபான நாட்களில் உணவு மிகக் குறைவு என்பதால் வழக்கமான இன்சுலின் அளவே சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடக்கூடும். அளவை மாற்றுவது உங்கள் சர்க்கரை மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் பேசிச் செய்ய வேண்டிய வேலை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு அட்டை விடுதல் கிடையாது, அழுத்தமான உழிச்சிலும் கிடையாது. இதயத்தின் நிலையைப் பொறுத்து விரேசனமே வேண்டாம் என்று சொல்லவும் நேரலாம்.

பிழிச்சிலுக்கு ஒரே எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்கி ஊற்றுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (கோவை வாசகர்)

உங்களுக்கு ஊற்றிய எண்ணெயையே உங்களுக்கு மறுபடி ஊற்றினால் ஏமாற்று இல்லை. ஒரு வேளைக்கு இரண்டரை மூன்று லிட்டர் செலவாகும்; துணியை நனைத்துப் பிழிந்து விடுவது மரத் தோணியில் வழிந்து சேர, அதை எடுத்துச் சூடாக்கி மீண்டும் பிழிவார்கள். ஒரு பங்கு எண்ணெயை முதல் மூன்று நாளும், புதிய பங்கை அடுத்த மூன்று நாளும், இரண்டையும் கலந்து ஏழாம் நாளும் பயன்படுத்தி, அதன்பின் கொட்டிவிடுவது பழைய முறை. எண்ணெயை நேரடியாகத் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குகிறார்களா என்று பாருங்கள். பாத்திரத்தில் உங்கள் பெயரும் தேதியும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால், பக்கத்து அறைக்காரரின் எண்ணெயாகவும் இருக்கலாம் என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

எனக்குப் பதினைந்து நாள்தான் விடுப்பு. பதினான்கு நாள் வஸ்தியும் கிழியும் முடித்து அன்று இரவே விமானம் ஏறலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

கூடாது. வஸ்தி முதலியவற்றுக்கு எத்தனை நாள் ஆனதோ அதைப்போல் இரு மடங்கு காலம் அடங்கி இருக்க வேண்டும் என்பது பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் சொன்ன கணக்கு. அந்தக் காலத்தில் விலக்க வேண்டிய எட்டையும் அவர் தந்திருக்கிறார்: உரக்கப் பேசுதல், குலுங்கும் வண்டியில் பயணம், அதிக நடை, நெடுநேரம் உட்கார்ந்திருத்தல், அஜீரணத்தின் மேல் உண்ணுதல், ஒவ்வாத உணவு, பகல் தூக்கம், உடலுறவு. இரவு விமானமும் மறுநாள் அலுவலகமும் இவற்றில் எத்தனையை மீறும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்றைய வேலைகளுக்கு இடையே முழு இரு மடங்கு நடக்காது என்று எனக்கும் தெரியும். பதினைந்து நாள் விடுப்பென்றால் ஏழு நாள் சிகிச்சை, ஏழு நாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் சிகிச்சையை மருத்துவரிடம் கேளுங்கள். பத்தியம் முடியும்வரை சிகிச்சை முடியவில்லை என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதியாயிற்று.

நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்பது நம் சித்தர்கள் சொன்னதுதானே? (தஞ்சாவூர் வாசகர்)

ஆம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வமனம், நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம் என்று தேரையர் வகுத்திருக்கிறார். ஆயுர்வேதத்தின் பருவ சுத்திக்கு உறவான கருத்துதான். ஆனால் அதே பாட்டில் அவர் சொல்லும் உணவு ஒழுக்கங்களை விட்டுவிட்டுப் பேதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நல்ல உடல்வாகுள்ளவர் ஒரு விடுமுறை நாளில் அளவாக விளக்கெண்ணெய் சாப்பிட்டு, வெந்நீரும் ரசம் சோறுமாக வீட்டில் இருக்கலாம். முதியவர், கர்ப்பிணி, சிறுநீரக நோயாளி, மூலத்தில் ரத்தம் போகிறவர், பல மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோர் மருத்துவர் நேரில் பார்க்காமல் தொடக் கூடாது.

காணொளி பார்த்து நானே தினமும் நஸ்யம் செய்துகொள்கிறேன், சளி குறையவில்லையே? (சென்னை வாசகர்)

சளி கட்டியிருக்கும்போது எண்ணெய் நஸ்யம் செய்தால் எப்படிக் குறையும்? உடனே நிறுத்திவிட்டு, மூக்கடைப்புக்குக் காரணம் என்னவென்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பாருங்கள். ஏழு வயதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் நஸ்யம் இல்லை என்பதையும், காணொளி உங்கள் மூக்கைப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தாலே நீர்க்கோத்துக்கொள்கிறது. என்ன செய்வது? (திண்டுக்கல் வாசகி)

வெயில் ஏறிய பிறகு தேய்த்து, அரை மணிக்குள் குளித்துவிடுங்கள். உடம்புக்குப் பயற்றமாவும் வெந்நீரும், தலைக்கு ஆறவைத்த வெதுவெதுப்பான நீர். ஈரம் துவட்டியதும் உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதி சூரணம் வைத்துத் தேய்க்க வேண்டும். அன்று தயிரும் பகல் தூக்கமும் வேண்டாம்.

அறுவைப் பிரசவமாகி இருபது நாள் ஆகிறது. கேரள முறை உழிச்சில் செய்துகொள்ளலாமா? (நாகர்கோவில் வாசகி)

இப்போது வேண்டாம். தையல் முழுவதும் ஆறி, மகப்பேறு மருத்துவர் சம்மதித்த பிறகு, பொதுவாக ஆறு வாரம் கழித்து, தன்வந்தரம் தைலத்தை வயிற்றுப் பக்கம் அழுத்தாமல் மென்மையாகத் தடவச் சொல்லுங்கள். காய்ச்சலோ ஒரு கால் வீக்கமோ இருந்தால் எண்ணெயைத் தொடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் வமனம், விரேசனம் பேச்சே இல்லை.