மேல்கையில் சுருளும் அழுத்த உறை

வணக்கம் சகோதரி. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் வீங்கிய கைக்கு அணியும் அழுத்த உறை, மதியத்திற்குள் மேல்கையில் சுருண்டு, விரல்களும் உப்பிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். சுருண்ட விளிம்பு கயிறு கட்டியதுபோல் இறுக்கி நிணநீர் (உடல் திசுக்களிலிருந்து வடியும் நீர்) ஓட்டத்தைத் தடுக்கக்கூடும் என்பதால், அதை மடித்துவிட்டுச் சமாளிக்காமல், வீக்கம் குறைந்திருக்கும் காலை வேளையில் சிகிச்சையாளரிடம் மீண்டும் அளவு கொடுங்கள். பெரும்பாலும் அளவில்தான் கோளாறு இருக்கும். விரல்களுக்கு அழுத்தக் கையுறையும் தேவையா என்பதை அப்போதே கேளுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை அணிந்து நீவிவிட்டால் உறை சீராக ஏறும். எண்ணெயோ களிம்போ இரவில் மட்டும் பூசுங்கள். வியர்வைக் காலத்தில் துவைத்து மாற்ற இரண்டாவது உறை அவசியம், விலைதான் கசக்கிறது. கை திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் உறையைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.