பட்டாசு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்: பி.டி. வாத்தியார் பதில்கள்

கோபி பக்கம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மைதானத்தில் விசில் ஊதிய கையால் தேர்தல் பூத்தில் மையும் வைத்திருக்கிறேன். கேளுங்க.

ஈரோட்டுத் தம்பி: 2024 ஜூன் 4 தேர்தல் முடிவு, ஜூன் 29 டி20 உலகக் கோப்பை. எங்கள் வீதியில் இரண்டாவதுக்குத்தான் பட்டாசுங்க சார். அப்போ ஜனங்களுக்கு விளையாட்டுதானே பெரிசு?

பட்டாசை வைத்து அளக்காதே தம்பி. தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்த ராத்திரி வீதி மொத்தமும் ஒரே கட்சி. தேர்தலில் அப்படியா? நீ சரம் கொளுத்தினால் எதிர்வீட்டுக்காரர் முகம் சுருங்கும். மறுநாள் மஞ்சள் மூட்டை ஏற்ற அவர் டெம்போவைத்தான் கேட்கணும். அதனால் கட்சிக்காரர்கள் வெடிப்பார்கள், மற்றவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரை கொண்டாட்டம் விளையாட்டுக்கு, அக்கறை அரசியலுக்கு.

ஓமலூர் அம்மணி: கிரிக்கெட் வீரர் நடராஜனை அவர் ஊர் சின்னப்பம்பட்டியில் ரதத்தில் அழைத்து வந்தார்களே, எந்த எம்.எல்.ஏ.வுக்கு அப்படி நடந்தது?

அது வேற அம்மணி. 2021 ஜனவரியில் அவர் திரும்பியபோது, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகியிருந்தார். வண்டி வைத்துக் கூட்டிவந்த கூட்டமில்லை. உங்கள் பக்கத்து மாரியப்பனும் அப்படித்தான், 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். இவர்கள் ஜெயித்தால் ஊரில் யாருக்கும் நஷ்டமில்லையே. நடராஜன் அப்புறம் ஊரிலேயே மைதானமும் கட்டினார். ரதத்தைவிட எனக்கு அதுதான் பிடித்தது, வாத்தியார் புத்தி.

பல்லடம்: 'எவன் வந்தால் என்ன' என்று என் மகன் ஓட்டுப் போடவே போவதில்லைங்க.

மொடக்குறிச்சிக்குக் கூட்டிப்போங்க. 2021 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசமே 281 ஓட்டு. ஒரு கல்யாணப் பந்திக்கு வருகிற ஆள்தான். அதே தொகுதியில் 1996ல் விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்ல வேட்புமனுவாகப் போட்டுத் தள்ளினார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! தேர்தலையே தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. கிரிக்கெட்டுக்காக யாராவது இத்தனை மெனக்கெடுவார்களா?

கரூர்: ஜெயித்தால் 'ஜெயிச்சோம்', தோற்றால் 'தோத்துட்டானுக'. இது நம்மூர் வியாதியா?

உலக வியாதி. அமெரிக்க உளவியலாளர் சியால்டினி குழு 1976லேயே எழுதிவிட்டது. கல்லூரி அணி ஜெயித்த பிறகு மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட துணியை அதிகம் உடுத்தினார்களாம். (திருப்பூர்க்காரர்கள் கவனிக்க.)

காங்கயம்: கோப்பை ஜெயித்தால் ஆளுங்கட்சிக்கு ஓட்டு கூடுமா சார்?

2011 ஏப்ரல் 2 உலகக் கோப்பை, ஏப்ரல் 13 நமக்கு ஓட்டுப்பதிவு. மாநிலத்தில் ஆட்சியே மாறிவிட்டது. ஆறு அடித்தது தோனி, அதற்கு மெஷினில் பட்டன் இல்லை.

அவிநாசி: அத்திக்கடவுத் தண்ணீர் வந்ததுக்கு யாரும் ரதம் இழுக்கலையே?

2024 ஆகஸ்ட் 17ல் திட்டம் தொடங்கியது. பவானி ஆற்றின் உபரித் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்கு. தலைமுறை தலைமுறையாகக் கேட்டது. அடிக்கல் ஒரு ஆட்சி, திறப்பு இன்னொரு ஆட்சி. ரதத்தில் யாரை ஏற்றுவது என்றே இன்னும் சண்டை. ஆனால் குட்டையில் தண்ணீர் ஏறியதா என்று தினம் வரப்பில் போய் நிற்கிற பெரியவரை நான் பார்த்திருக்கிறேன்.

கோவை: வோட்டு எண்ணும் நாளும் ஐபிஎல்லும் ஒரே நாளில் வந்தால் டீக்கடை டிவியில் எது ஓடும்?

பகலெல்லாம் எண்ணிக்கை, ராத்திரி மேட்ச். கடைக்காரருக்கு இரண்டிலும் வடை போகும்.