அம்மோலைட் பதக்கம்: 'ட்ரிப்லெட்' என்றால் போலியா?

கேள்வி: கால்கரி சுற்றுலாவில், வானவில்லாக மின்னும் அம்மோலைட் பதக்கம் ஒன்று வாங்கினேன். 'இயற்கைக் கல்' என்றார்கள். வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தால் 'ட்ரிப்லெட்' என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு முழு அம்மோனைட் ஓடு ஒன்று வாங்கி அனுப்பவும் ஆசை.
— வாசகி, டொராண்டோ

பதில்: போலி இல்லை, அம்மா. ஆனால் கடைக்காரர் பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டார்.

சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கால்கரி இருக்கும் இன்றைய ஆல்பர்ட்டா மாகாணத்தை மூடியிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரிகளின் புதைபடிவ ஓடுதான் அம்மோலைட். பெரும்பாலும் பிளாசென்டிசெராஸ் மீக்கி என்ற இனம். கணவாய் மீனின் தூரத்து உறவு. ஓட்டில் உள்ள அரகோனைட் என்ற கனிமத்தின் படலங்களில் ஒளி பட்டுத் திரும்பும்போது நிறம் பிறக்கிறது. சிவப்பும் பச்சையும் தாராளம்; நீலமும் ஊதாவும் அரிது, அதனால் விலை அதிகம்.

இந்த நிறப் படலம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, எளிதில் நொறுங்கும். ஆகவே அடியில் கருநிறக் கல் ஒட்டினால் டப்லெட், அதாவது இரண்டு அடுக்கு. அதன் மேலே குவார்ட்ஸ், செயற்கை ஸ்பினல் போன்ற தெளிவான, கடினமான கல்லை மூடியாக வைத்தால் ட்ரிப்லெட், மூன்று அடுக்கு. நடுவில் இருப்பது அசல் அம்மோலைட்தான். பதக்கத்தைப் பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், மூடியின் கோடு தெரியும். மோதிரத்துக்கு நானே ட்ரிப்லெட்டைத்தான் சொல்வேன். மூடியில்லாத கல்லின் கடினத்தன்மை பத்துக்கு 4 அளவுதான், கீறல் விழுந்துவிடும். வாசனைத் திரவியமும் வினிகரும் படக் கூடாது.

மூடியில்லாத கல்லின் விலையைக் கடைக்காரர் வாங்கியிருந்தால் மட்டும் சண்டை போடுங்கள். ரசீதில் உண்மையை எழுதியிருந்தாலும், வாயால் சொன்னதும் எழுதியதும் வேறு என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். நல்ல கடை மாற்றித் தரும்.

முழு ஓடு விஷயத்தில்தான் கவனம் தேவை. உடைந்த துண்டுகளை ஒட்டி, இடைவெளியைப் பிசினால் நிரப்பி விற்பது இந்தத் தொழிலில் சகஜம். எவ்வளவு பழுது பார்த்தது என்று எழுதி வாங்குங்கள். ஆல்பர்ட்டா மண்ணில் கிடைக்கும் புதைபடிவங்கள் மாகாண அரசுக்குச் சொந்தம். அந்த ஓடுகளை விற்க, உரிமையை மாற்றித் தரும் அரசுச் சான்றிதழ் வேண்டும். கனடாவை விட்டு வெளியே அனுப்ப மத்திய அரசின் ஏற்றுமதி அனுமதியும் தனியாகத் தேவைப்படலாம். அதைக் கடைக்காரரே எடுத்துத் தருவாரா, எத்தனை நாள் ஆகும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.