கொழும்பில் சரியாக ஓடிய பைக், நுவரெலியாவில் கறுப்புப் புகை

தம்பி, கொழும்பில் டியூன் பண்ணிய பைக் நுவரெலியா ஏறியதும் புகை கக்குகிறது, ரேஸ் மெக்கானிக் வேலை எனக்குச் சரிவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு உங்கள் கையில் இல்லை, காற்றில். அங்கே உயரம் 1,868 மீற்றர். காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஜெட் (கார்புரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் சின்னத் துளை) என்றால் பெற்றோல் மிஞ்சத்தான் செய்யும்.

முழு த்ரொட்டிலில் பெற்றோல் தரும் மெயின் ஜெட்டை ஒரு அளவு இறக்குங்கள், அதாவது துளை சிறியதைப் போடுங்கள். ஆளில்லாத ஏற்றத்தில் முழு த்ரொட்டில் கொடுத்து, கிளச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மசி படிந்திருந்தால் இன்னொரு அளவு இறக்கலாம். வெள்ளை வெளேரென்றால் பெற்றோல் போதவில்லை; நிறுத்துங்கள், பிஸ்டன் உருகிவிடும். (ஒன்றை உருக்கித்தான் நானும் கற்றேன்.) கொழும்புக்கு இறங்கும்முன் பழைய ஜெட்டை மாட்ட மறக்காதீர்கள்.

அப்புறம், இடம், ஜெட், வெயிலா மழையா என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ரேஸுக்கு வரும் டீம்களிடம் வேலை கேட்கும்போது அதைக் காட்டுங்கள்.