14 பேர் வந்த வகுப்புக்கு 5 பேர் வருகிறார்கள்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு வாரம் ஒருநாள், மாலை 5 மணிக்கு, ஒரு மண்டபத்தின் மாடியில் நடன வகுப்பு நடத்துகிறோம். 14 பேருடன் தொடங்கியது, 8 மாதத்தில் 5 பேராகிவிட்டது. கையிருப்பும் கரைகிறது. சொல்லிக்கொடுக்கும் பெண் கல்யாணமாகி ஊர் மாறப்போகிறார். தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். காசுக்கு அலைவதற்கு முன்னால், நின்றுபோன 9 பேர் வீட்டுக்கும் போன் போடுங்கள். நோயாளியிடம் கேட்டால் "உடம்பு சரியில்லைங்க" என்று முடித்துவிடுவார். அவரைக் கூட்டி வந்தவரிடம் கேளுங்கள். பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்தவரை, ஆட்டம் பிடிக்காமல் நின்றவர்கள் குறைவு. கூட்டிவர ஆளில்லாமல் நின்றவர்கள்தான் அதிகம். மகன் வேலையிலிருந்து திரும்பாத, மருமகள் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் நேரம் மாலை 5 மணி. வண்டியை யார் எடுப்பது?

அடுத்தது மாத்திரை. பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணியில் இறுகிய உடம்பு இளகும். நோய் வந்து சில வருடம் ஆனவர்களுக்கு அடுத்த வேளை வருவதற்குள்ளேயே மருந்தின் வேகம் இறங்கிவிடும். இறங்கிய நேரத்தில் வகுப்பு வைத்தால், அவர் நாற்காலியில் மரக்கட்டையாக உட்கார்ந்துவிட்டு, "என்னால முடியல" என்று வீடு திரும்புவார். மறுவாரம் வர மாட்டார். ஆகவே ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி, பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும் மணியைப் பிடியுங்கள். பருப்பு, பால் போன்ற புரதச் சாப்பாடு சிலருக்கு மருந்தை ஏறவிடாது. எவ்வளவு இடைவெளி என்பதை அவரவர் நரம்பியல் டாக்டரிடம் கேட்கட்டும். வகுப்புக்காக மாத்திரை நேரத்தைத் தாமாக மாற்றுவது மட்டும் கூடாது.

மாடியை விட்டுக் கீழே இறங்குங்கள். கீழேயும் வாசல் ஒரு சிக்கல்தான். நிலைப்படியைக் கண்டதும் சிலருக்குப் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் முகம் குப்புற விழுவார். வாசலில் ஓரடி இடைவெளி விட்டு நிற டேப்பில் குறுக்குக்கோடுகள் ஒட்டி, "கோட்டைத் தாண்டுங்கய்யா" என்று சொல்லிப் பாருங்கள். (கோலமாவு வேண்டாம், வழுக்கும்.) தானாக நடக்கவைக்கும் மூளைப்பகுதி சுணங்கினாலும், கண்ணில் படும் கோடும் காதில் விழும் தாளமும் காலைக் கிளப்பிவிடும். பாட்டுக்கு அடி வைப்பவர், பாட்டு நின்றதும் தடுமாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

2001-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கியது. வருகிறவரை அங்கே ஆட வந்தவராகத்தான் பார்க்கிறார்கள், துணைக்கு வந்தவரும் சேர்ந்து ஆடுகிறார். இது எனக்குப் பிடித்த விஷயம். உங்கள் வகுப்பில் துணைக்கு வந்தவர்கள் ஓரமாக போன் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களையும் இழுத்துவிடுங்கள். கும்மி நம் பெண்களுக்குப் புதிதல்ல, உட்கார்ந்தே அடிக்கலாம். எழுந்து ஆடுகிறவர்கள் சட்டென்று திரும்பக் கூடாது, அகலமாக வளைந்து திரும்பட்டும்.

அப்படி ஆடுகிறவர்களில் தாளம் பிடிபட்ட இருவரை, சொல்லிக்கொடுக்கும் பெண் ஊருக்குக் கிளம்புவதற்குள் அவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள்.

சரி, பணம். கீழ்த்தள இடத்தை இலவசமாகக் கேளுங்கள்; நன்கொடையைவிட இடம் எளிதாகக் கிடைக்கும். முடிந்தவர்களிடம் சிறு கட்டணம் வாங்கி, செவ்வாய்ப்பேட்டை, குகை என்று ஒரே பக்கத்துக்காரர்களைச் சேர்த்து ஓர் ஆட்டோ பேசுங்கள். மிச்சமிருந்தால் கைப்பிடி வைத்த கனமான நாற்காலிகள் வாங்குங்கள். அதுவரை பிளாஸ்டிக் நாற்காலிதான் என்றால் சுவரில் முட்டக்கொடுத்துப் போடுங்கள். மொசைக் தரையில் அது பின்னால் ஓடும்.