டாக்டர் சொன்னால் மறுபேச்சு கூடாதா?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். தப்பா சார்?

பதில்: பாசம்தான், புரிகிறது. டாக்டர்களே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார்கள். 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் விசாரித்தபோது, சுமார் 90 சதவீத டாக்டர்கள் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் 97 சதவீதம் பேர் சொல்லிவிடும் பக்கம். அதே சமயம், 'எனக்குத் தெரிய வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அதை அவர்தான் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அல்ல. "ரிசல்ட்டை உங்களிடம் சொல்லட்டுமா, எங்களிடம் சொன்னால் போதுமா?" என்று அவரையே கேளுங்கள். (கீமோ வார்டில் உட்கார்ந்திருப்பவர் எப்படியும் ஊகித்துவிடுவார்.)

கேள்வி: பயந்துவிடுவார் என்று ரிஸ்க்கை மறைக்கலாமா?

பதில்: பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் இதற்குப் பதில் சொன்னது. நடீன் மான்ட்கோமரி சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணி. அப்படிப்பட்டவர்களுக்கு இயல்பான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9, 10 சதவீதம். சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்று நினைத்து, டாக்டர் இந்த ரிஸ்க்கை அவரிடம் சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளைவாதம். மற்ற டாக்டர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. அந்த நிலையில் இருக்கும் ஒருவர் எதை முக்கியமாக நினைப்பாரோ, அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது தீர்ப்பு. தெரிந்திருந்தால் அவர் சிசேரியன் கேட்டிருப்பார்தான். கேட்கட்டுமே! நினைவில்லாமல் அவசரப் பிரிவுக்கு வருபவர் கதை வேறு.

கேள்வி: மனநோய் உள்ளவர் ஆபரேஷனை மறுத்தால்?

பதில்: நோயின் பெயரை வைத்து முடிவுகட்டக் கூடாது. 1990களில் இங்கிலாந்தில் மனச்சிதைவு நோயாளி ஒருவர் அழுகிய காலை எடுக்க மறுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சொன்னது புரிகிறதா, நம்புகிறாரா, எடைபோட்டுப் பார்க்கிறாரா என்பதே கேள்வி.

கேள்வி: அப்படியென்றால் ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்டால் தந்தே ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் முழு உரிமை. பலன் தராத மருந்தை டாக்டர் மறுக்கலாம்.

கேள்வி: "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று டாக்டர் ஒதுங்கிவிட்டார். இதுதான் உரிமையா?

பதில்: இது கைகழுவல். யோசனை சொல்வதும் அவர் வேலைதான். அடுத்த முறை போகும்போது உங்களுக்கு எது பெரிது என்று முதலில் சொல்லுங்கள்: கூடுதல் நாட்களா, வலியில்லாமல் நடமாடுவதா? அதற்கு எந்தச் சிகிச்சை பொருந்தும், ஏன் என்று கேளுங்கள்.