தார் ராக்ஸ், ஜிம்னி, கூர்க்கா: தோட்டத்துப் பாதைக்கு எது சரிவரும்?

கேள்வி: போடிநாயக்கனூரில் இருக்கிறோம். மலைமேல் ஏலத்தோட்டம். தார்ச்சாலையில் இருந்து பிரிந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி 4 கிலோமீட்டர் கல்லும் மண்ணுமான பாதை, நடுவில் ஓர் ஓடையும் உண்டு. இத்தனை வருடம் பழைய மகிந்திரா ஜீப்பில் ஓட்டிவிட்டோம், இனி அது தாங்காது. வீட்டில் அப்பா, அம்மா, நாங்கள் இருவர், மகன். வாரம் ஒருமுறை மதுரைக்கும் போய்வர வேண்டும். 13 லட்சத்துக்கு தார் ராக்ஸ் கிடைக்கும் என்கிறான் மகன். ஜிம்னியே போதும் என்கிறார் நண்பர். தோட்டத்து டிரைவர் கூர்க்காவைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள் என்கிறார். கையில் 20 லட்சம் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: மகனின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த வண்டி விஷயத்தில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது அங்கேதான்.

மகிந்திராவின் ஐந்து கதவு தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டில் அறிமுகமானபோது விளம்பரங்களில் வந்த 12.99 லட்சம், எம்.எக்ஸ்.1 என்ற அடிப்படை பெட்ரோல் வண்டியின் ஷோரூம் விலை. அது பின்சக்கரங்களை மட்டும் ஓட்டும் வண்டி. பெட்ரோல் ராக்ஸில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. டீசலில் மட்டும்தான் உண்டு, அதுவும் எம்.எக்ஸ்.5-இல் இருந்துதான் தொடங்குகிறது. அதன் அறிமுக விலை 18.79 லட்சம். அதே எம்.எக்ஸ்.5 டீசல் பின்சக்கர வண்டி 16.99 லட்சம். புக்கிங் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பதிவு செய்தார்கள் என்று மகிந்திரா அறிவித்தது. அவர்களில் எத்தனை பேர் சேற்றைப் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு கதை. நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள். ஆகவே 13 லட்சம் வண்டியை மறந்துவிடுங்கள். அது தோற்றத்தில் ஜீப், உங்கள் தோட்டத்துப் பாதையில் மழைநாளில் அது வெறும் கார்.

அடுத்து, உங்கள் 20 லட்சம் ஷோரூம் விலைக்கா, ரோட்டுக்கு வரும் விலைக்கா? தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 18.79 லட்சம் வண்டிக்கு வரி மட்டுமே 3.38 லட்சம் வருகிறது. இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்தால் 23 லட்சத்தை நெருங்கும். 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்துக்குப் பிறகு இந்த வகை வண்டிகளின் விலை இறங்கியது, அதனால் நான் சொல்லும் அறிமுக விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய ஆன்ரோடு விலையை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் பட்ஜெட்டை ஃபோர் வீல் ராக்ஸ் கொஞ்சம் தாண்டும். பழைய ஜீப்பை விற்ற பணமோ சிறு கடனோ தேவைப்படலாம்.

மாருதி சுசுகியின் ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கியது. எல்லா ஜிம்னியிலும் ஃபோர் வீல் உண்டு. ஃபோர்ஸ் கம்பெனியின் ஐந்து கதவு கூர்க்கா 2024 மே மாதம் 18 லட்சத்துக்கு வந்தது, அதிலும் ஃபோர் வீல் கட்டாயம் உண்டு. மூன்றிலும் லோ கியர் இருக்கிறது. உங்களுக்குத் தேவையானதில் பாதி அதுவே. லோ கியர் போட்டால் வண்டி நடைவேகத்துக்கு இறங்கிவிடும், சக்கரத்தில் இழுவை நன்றாகவே ஏறும். கிளட்சைத் தேய்க்காமல் கல்மேட்டில் ஏறலாம். அதைவிட முக்கியமாக, மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக்கைச் சுடவைக்காமல் எஞ்சின் பிடியிலேயே இறங்கலாம்.

ஒன்றை டிரைவரிடமும் சொல்லிவையுங்கள். மூன்றுமே தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போட்டுக்கொள்ளும் வண்டிகள். முன், பின் அச்சுகளுக்கு நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்க எதுவும் இல்லை. போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில், காய்ந்த தார் மேல், ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டே வளைத்தால் ஸ்டியரிங் கட்டும், உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். தார்ச்சாலை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் போடுங்கள், திரும்பி தாரைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள்.

மீதிப் பாதி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது என்ன நடக்கிறது என்பது. ஓர் அச்சின் இடது, வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியை அனுப்பும். ஒரு சக்கரம் குழிக்குமேல் தொங்கினால் அது மட்டும் வெறுமனே சுற்றும், மண்ணில் ஊன்றியிருக்கும் மற்றது சும்மா நிற்கும். டிஃபரன்ஷியலைப் பூட்டினால் இரண்டும் சேர்ந்து சுற்றும். கூர்க்காவில் முன்னும் பின்னும் தனித்தனிப் பூட்டு இருக்கிறது. ராக்ஸில் பின் அச்சுக்கு உண்டு, நீங்கள் எடுக்கும் வேரியண்டின் பட்டியலில் அது இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜிம்னியில் பூட்டு கிடையாது. சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, சுழற்சியை மறுபக்கம் தள்ளும் ஏற்பாடு இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். காலியாகப் போகும் 1,200 கிலோ ஜிம்னிக்கு அது போதும், ஏலக்காய் மூட்டையோடு கல்மேடு ஏற நிஜமான பூட்டுதான் நிம்மதி.

இந்த இடத்தில் உங்கள் டிரைவர் சொன்னது சரி. பாதையை மட்டும் வைத்துப் பார்த்தால் கூர்க்காவே முதலிடம். 233 மி.மீ. தரை இடைவெளி, இரண்டு பூட்டு, எஞ்சினுக்கு உயரத்தில் இருந்து காற்றை இழுக்கும் ஸ்நார்கல் குழாயைக் கம்பெனியே பொருத்தித் தருவது, 700 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம் என்ற உறுதி. ராக்ஸுக்கு அது 650 மி.மீ. கல்பாதையில் கூர்க்காவின் சஸ்பென்ஷன் குலுக்கலை உள்வாங்கும் விதமும் எனக்கு ராக்ஸைவிடப் பிடிக்கும். மெதுவாகப் போகும்போது ராக்ஸ் ஆட்களைக் கொஞ்சம் இடமும் வலமும் ஆட்டும்.

எஞ்சினைப் பற்றியும் பயம் வேண்டாம். மெர்சிடிஸ் வழிவந்த அந்த 2.6 லிட்டர் டீசல், நம் ஊரில் கோயில், கல்யாணம் என்று ஓடும் ஃபோர்ஸ் டிராவலர் வேன்களில் இருக்கும் அதே குடும்பம். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் தேனி பக்கம் கிடைக்காமல் போகமாட்டார். கம்பெனி சர்வீஸ் மையங்கள் மகிந்திரா, மாருதி அளவுக்கு நெருக்கமாக இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் நீங்கள் வாரம்தோறும் மதுரை போகிறீர்கள், வயதான அப்பா அம்மாவோடு. கூர்க்காவில் ஆட்டோமேட்டிக் கிடையாது, ஐந்து கியர் மேனுவல் மட்டும்தான். ஏர்பேக் இரண்டு. ராக்ஸில் ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் உண்டு. பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32-க்கு 31.09, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49-க்கு 45 வாங்கி ஐந்து நட்சத்திரம் பெற்றது. உங்கள் வீட்டு ஓட்டத்தில் தோட்டத்துப் பாதையைவிட நெடுஞ்சாலைக் கிலோமீட்டர்தான் பல மடங்கு அதிகம், ஆபத்தும் அங்கேதான் அதிகம். இந்த ஒரு காரணமே எனக்கு ராக்ஸ் பக்கம் தராசைச் சாய்த்துவிடுகிறது.

ஜிம்னியில் நான்கு பேர்தான் உட்கார முடியும், நீங்கள் ஐந்து பேர். கதை முடிந்தது. இருந்தாலும் உங்கள் நண்பர் தப்பாகச் சொல்லவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்: ஆளும் சுமையும் குறைவாக இருந்தால், குறுகலான மலைப்பாதைக்கு அதைவிட நல்ல சின்ன வண்டி இந்தியாவில் இல்லை. இங்கே விற்பனையில் தடுமாறிய இதே இந்தியத் தயாரிப்பு, 2025 தொடக்கத்தில் ஜப்பானில் நோமாட் என்ற பெயரில் இறங்கியபோது நான்கே நாளில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, சுசுகி புக்கிங்கையே நிறுத்திவைத்தது.

ஜிம்னியின் பெரிய பலம் அதன் ஒடுக்கம். அகலம் 1,645 மி.மீ. ராக்ஸ் 1,870, கூர்க்கா 1,865. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சாண். ஷோரூமில் இது கண்ணுக்கே படாது. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் சரிவுமாக இருக்கும் தோட்டத்துப் பாதையில் அந்த ஒரு சாண்தான் எல்லாம். ராக்ஸ் உங்கள் பழைய ஜீப்பைவிடவும் அகலம், நீளம் 4,428 மி.மீ. ஆகவே எந்த ஷோரூமுக்கும் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் நடந்து போங்கள். ஆக ஒடுக்கமான இடங்களில் இருபக்கமும் அளந்து எழுதுங்கள். கண்ணாடிகளையும் சேர்த்து இரண்டேகால் மீட்டராவது இல்லாத இடம் இருந்தால், அங்கே ஜே.சி.பி.யை விட்டுப் பாதையை வெட்டிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அரை நாள் ஜே.சி.பி. வாடகை, கதவு முழுக்கக் கீறலோடு வண்டி ஓட்டுவதைவிட மலிவு. பாதை உங்களுடையது இல்லை, வனத்துறையுடையது, வெட்டவே முடியாது என்றால் ராக்ஸும் கூர்க்காவும் இரண்டுமே சிக்கல்தான்.

நீளத்தாலும் ஒரு தொந்தரவு உண்டு. ராக்ஸின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2,850 மி.மீ. இடைவெளி. கூர்மையான மேட்டின் உச்சியைக் கடக்கும்போது அடிவயிறு தட்ட வாய்ப்பு அதிகம். ஏறுமுகக் கோணம் 41.7 டிகிரி, இறங்குமுகம் 36.1, ஆனால் நடுவயிற்றுக்கு 23.9 மட்டுமே. முன்பம்பர் தப்பித்துவிடும், நடுவில்தான் இடிக்கும். உங்கள் பாதையில் அப்படி மேடு இருந்தால் நேராக ஏற்றாமல் கொஞ்சம் சாய்வாக ஏற்றச் சொல்லுங்கள், அல்லது இருபுறமும் கல்லை அடுக்கிச் சரிவைக் குறைத்துவிடுங்கள். பழைய ஜீப்புக்கு இந்தக் கவலையே இருந்திருக்காது, அதனால் டிரைவர் பழக்கதோஷத்தில் நேராக ஏற்றுவார்.

சரி, என் முடிவு: அளவு சரிவந்தால் ராக்ஸ் எம்.எக்ஸ்.5 டீசல், மேனுவல், ஃபோர் வீல். மேல் வேரியண்டுகளுக்குப் போக வேண்டாம். பணம் மட்டும் காரணம் இல்லை. உச்ச வேரியண்டில் 19 அங்குல வீல், 255/60 டயர். எம்.எக்ஸ்.5-இல் 18 அங்குலம், 255/65. டயரின் பக்கச்சுவர் உயரம் அங்கே 153 மி.மீ., இங்கே 166. கூர்க்கல்லில் ரிம் அடிபடாமல் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். பெரிய வீல் கல்யாண ஊர்வலத்துக்கு அழகு. வெள்ளை உள்ளலங்காரம் வந்தால் சீட் கவர் போட்டுவிடுங்கள், செம்மண் தோட்டத்துக்கும் வெள்ளைக்கும் ஆகாது.

பின்சக்கர எம்.எக்ஸ்.5-ஐ வாங்கிக்கொண்டு, பழைய ஜீப்பை எஞ்சின் வேலை பார்த்துத் தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. 1.8 லட்சம் மிச்சமாகும். ஜீப்பின் சேஸிஸ் துருப்பிடிக்காமல் இருந்து, பதிவுச் சான்றுக்கும் இன்னும் ஆயுள் இருந்தால் யோசிக்கலாம். பாதை ஒடுக்கமாக இருந்து வெட்டவும் முடியாது என்றால், யோசிக்கவே வேண்டாம், இதைத்தான் செய்ய வேண்டும்.

டீசல் வாங்கினால் ஒரு பராமரிப்பு விஷயம். பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கும். வண்டி வேகமாகவும் தொடர்ந்தும் ஓடும்போது சூட்டில் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். தினமும் தோட்டத்துக்கு லோ கியரில் ஊர்ந்துவிட்டு நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும், டாஷ்போர்டில் விளக்கு எரியும். உங்களுக்கு வாராவாரம் மதுரை ஓட்டம் இருப்பதால் பிரச்சினை வராது. கரி எரிந்து முடியும்வரை டிரைவர் நடுவழியில் விளக்கைப் பார்த்து எஞ்சினை அணைத்துவிடாமல் இருந்தால் போதும்.

ஓடையைப் பற்றி: 650, 700 என்பதெல்லாம் நின்ற தண்ணீருக்கான கணக்கு. மழைக்காலத்தில் மலையில் இருந்து இறங்கும் வெள்ளம் முழங்கால் அளவே இருந்தாலும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கரையில் ஒரு கம்பை நட்டு அளவுக்கோடு போட்டுவையுங்கள், கோட்டைத் தாண்டினால் அன்றைக்குத் தோட்டம் இல்லை.

டெஸ்ட் டிரைவுக்கு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ராக்ஸின் பின்கதவு அகலமாகத் திறக்கும், உள்ளே கால்நீட்ட இடம் தாராளம், ஆனால் தரை உயரம். அம்மா புடவையோடு தானாக ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பக்கவாட்டுப் படியை டெலிவரிக்கு முன்பே பொருத்தச் சொல்லுங்கள். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்க, மோசமான ரோட்டில் பத்து நிமிஷமாவது ஓட்டுங்கள். டீலர் பைபாஸிலேயே சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பப் பார்ப்பார், விட்டுவிடாதீர்கள்.